பாதத்தில் பிறந்தவனின் பாதம்

தேநீர்க் கடையிலிருந்து எழுந்து தறிப் பட்டறைக்கு நடக்கிறார் ஒரு தோழர். வயது ஐம்பது இருக்கும். பத்துப் பதினைந்து அடி போனதும் பின்னாலிருந்து குரல் கேட்கிறது: "அண்ணே, செருப்பு ஒண்ணு இங்கயே கெடக்குதுங்க!" திரும்பிப் பார்க்கிறார். ஒரு காலில் செருப்பு இருக்கிறது. மறு காலில் இல்லை. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

சிரிக்கிற சங்கதியா அது? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் இப்படிப்பட்ட தோழர் ஒருவரை எந்த நாளும் நாம் காணலாம். செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி குன்றிவிட்டது என்று பொருள். இன்று செருப்பு போனது தெரியவில்லை. நாளை முள் ஏறுவது தெரியாது. பிறகு புண், சீழ். பிறகு ஒரு விரல். பிறகு கால். நீரிழிவு என்னும் சர்க்கரை நோய் பாட்டாளியின் காலைக் கொண்டு போகும் பாதை இதுதான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்த நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உண்டு என்று கணக்குச் சொல்லிற்று. பணக்காரன் வியாதி என்று பேசிய காலம் மலையேறிவிட்டது. கூழ் குடிப்பவனுக்கும் வருகிறது, ரேஷன் அரிசி உண்பவனுக்கும் வருகிறது.

முகத்தில் பிறந்தவன் பிராமணன், காலில் பிறந்தவன் சூத்திரன் என்று எழுதி வைத்தது மனுதர்மம். அந்தப் புளுகைக் கிழித்தெறியப் பெரியார் வாழ்நாளெல்லாம் பேசினார். பிறவிப் புளுகு கிழிந்தது. ஆனால் கால் என்றால் கீழான உறுப்பு என்ற எண்ணம் இன்னும் நம் தோழர்களிடமே கிடக்கிறது. தலைவலி என்றால் மாத்திரை. பல்வலி என்றால் டாக்டர். காலில் புண் என்றால்? மண்ணெண்ணெய் தடவு, சுண்ணாம்பு வை, தானே ஆறும்! செருப்புக்குக்கூடச் சாதி பார்த்த நாடல்லவா இது? ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த அருந்ததியத் தோழன், ஊர்த் தெருவில் நுழையும்போது தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். செய்தவன் காலுக்குச் செருப்பில்லை!

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் செய்கிற வெள்ளிக் கொலுசு வடநாட்டுப் பெண்களின் கணுக்காலிலும் ஒலிக்கிறது. ஊரார் கணுக்காலுக்கு அழகு செய்கிற இந்தச் சமவெளியில், உழைப்பவன் கால் என்ன கதியில் இருக்கிறது? விசைத்தறிக்காரர் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே தறிக்கும் தறிக்குமாக நடக்கிறார். சாயப்பட்டறைத் தோழருக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். நாமக்கல் லாரி ஓட்டுநரின் காலடியில் இஞ்சின் சூடு. ஜவ்வரிசி ஆலைக் களத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உச்சி வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும். அதில் வெறுங்காலோடு நடந்து ஜவ்வரிசியைக் கிளறி விடுகிறார்கள் நம் பெண்கள். உணர்ச்சி உள்ள கால் துள்ளும். தானே நிழலைத் தேடும். உணர்ச்சி செத்த கால் துள்ளாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம்.

இந்த உணர்ச்சி போன காலின் இரகசியத்தை உலகத்துக்குச் சொன்னவர் எங்கே வளர்ந்தார் தெரியுமா? நாமக்கல்லிலிருந்து கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிறதே, அந்தக் கொல்லிமலையில்! 1914 ஜூலை 17இல் பிறந்து, சிறுவயதில் அங்கே வளர்ந்தார் பால் பிராண்ட். மதம் பரப்ப வந்த வெள்ளைக்காரப் பாதிரி வீட்டுப் பிள்ளை. மதம் பரப்பும் வேலையில் நமக்கு உடன்பாடு இல்லை. அது வேறு வழக்கு. தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களின் காலிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவை எடுத்து மருந்திட்டவர்; 1929இல் காய்ச்சலில் அந்த மலையிலேயே மாண்டார். தாய் ஈவ்லின் 1974இல் சாகிறவரை, 95 வயதிலும், மலைமக்களை விட்டுப் போகவில்லை. மகனோ இங்கிலாந்தில் முதலில் கற்றது டாக்டர் படிப்பு இல்லை. தச்சு வேலை, கொத்து வேலை! உளியும் கரணையும் பிடித்த கைதான் பிறகு அறுவைக் கத்தி பிடித்தது. நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1946இல் அவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனார். தொழுநோயாளியின் விரலும் காலும் அழுகி உதிர்கின்றன, அது நோயின் குணம், பூர்வ ஜென்மப் பாவம் என்றெல்லாம் உலகம் நம்பியிருந்த காலம். அவர் ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வளைந்து முடங்கியிருந்த கை இரும்புப் பிடியாகப் பிடித்தது! தசை சாகவில்லை, உணர்ச்சிதான் செத்திருந்தது. துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் வெறுங்கையால் திருகித் திறந்தான். விரல் அறுந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துத் தின்றதையும் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். பூர்வ ஜென்மப் பாவத்துக்குப் பரிகாரம் பூனை!

காலிலும் இதே கதைதான். வலி என்பது காவல்காரன். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் நாம் அறியாமலே பாதத்தைச் சற்றுச் சாய்த்து ஊன்றுகிறோம். காவல்காரன் போன வீட்டில் திருடன் புகுவதுபோல, வலி போன காலில், அடி விழுந்த இடத்திலேயே மறுபடி அடி விழுகிறது. தோல் தடித்துக் காய்க்கிறது. காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. ஆகவே புண்ணுக்கு முதல் மருந்து, அதன்மேல் ஊன்றாமல் இருப்பது. இலங்கையில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவர் 1930களிலேயே இதற்கு மாவுக்கட்டு போட்டுப் பார்த்தார். பாதம் முழுவதையும் அணைத்துக் கட்டினால் பாரம் பரவும், புண் ஆறும். வேலூரிலும், 1955இல் தோன்றிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இன்னொன்றும் செய்தார்கள். நுண்ணறை ரப்பரில் செருப்பு! எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் பெயர். உள்தட்டு மெத்தென்று அழுத்தத்தை வாங்கும். அடித்தட்டு முள்ளும் ஆணியும் ஏறாதபடி கெட்டியாக இருக்கும். கழன்று போகாமலிருக்கப் பின்வார் உண்டு. ஆணி அடிப்பது கிடையாது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருக்குப் புலப்பட்டது, சர்க்கரை நோயாளியின் காலும் தொழுநோயாளியின் காலும் ஒரே வழியில்தான் கெடுகின்றன என்பது. இந்த மண்ணில் ஏழைத் தொழுநோயாளியின் காலில் கற்ற பாடம் அமெரிக்காவில் வசதியுள்ளவன் காலைக் காத்தது. அந்தப் பாடம் கொல்லிமலை அடிவாரத்து விசைத்தறிப் பட்டறைக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதே நம் கேள்வி.

ஒரு காரணம் அறியாமை. பித்த வெடிப்பில் பசையை ஊற்றுகிறோம். காலாணியை பிளேடால் சீவுகிறோம். கால் மதமதப்பு என்று சுடுதண்ணீரில் காலை விடுகிறோம். சூடு தெரியாத கால் வெந்து போகிறது. ஆடி மாதம் குண்டம் இறங்குகிறவரைப் பாருங்கள். "அம்மன் அருள், சுடவே இல்லை" என்று மெய்சிலிர்க்கிறார். நரம்பு செத்திருந்தால் எப்படிச் சுடும்? நாலு நாள் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கிப் போகும்போது அம்மன் கூட வருவதில்லை. பழநிக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிற எடப்பாடிப் பக்கத்து உறவினர்களிடம் பக்தியைப் பற்றி இன்று நாம் வாதாட வரவில்லை. சர்க்கரை உள்ளவர் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

பெரிய காரணம் கூலி. புண்ணுக்கு மருந்து ஓய்வு என்று டாக்டர் சொல்கிறார். முன்பணம் வாங்கித் தறியில் மாட்டிக்கொண்டவன் ஆறு வாரம் காலை மேலே தூக்கி வைத்துப் படுத்தால் அடுப்பு எரியுமா? ஈ.எஸ்.ஐ. இருந்தால் நோய்க் காலத்துக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். ஆனால் எத்தனை சிறு பட்டறைகள் தொழிலாளியை ஈ.எஸ்.ஐ. பட்டியலில் சேர்த்திருக்கின்றன? அதனால்தான் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறான். வாரக்கூலியை இழக்க அஞ்சியவன் காலை இழக்கிறான். அதன் பிறகு எந்த முதலாளி அவனைத் தறியில் நிறுத்துவான்? முன்பணக் கடன் மட்டும் மகன் தலையில் ஏறுகிறது.

நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 44ஆவது பிரிவில் சொன்னது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்திற்று. கேரளம் 2018இலேயே செய்தது. ஜவுளிக் கடையில் துணி விற்கும் பெண்ணுக்கு முக்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தத் துணியை நெய்தவன் சட்டத்தின் கணக்குக்கு வெளியே உள்ள ஒரு கொட்டகையில் நின்றுகொண்டிருக்கிறான். சங்கங்கள் கூலி உயர்வு கேட்கும்போது முக்காலியையும் ஈ.எஸ்.ஐ.யையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வெட்கப்பட என்ன இருக்கிறது?

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பாதம் பாதுகாப்போம் என்ற பெயரிலும் அரசு ஒரு திட்டம் வகுத்தது. நல்லவை, வரவேற்கிறோம். ஆனால் திட்டம் பட்டறை வாசல் வரை வந்ததா என்று பார்ப்பது கிளைக் கழகத் தோழர்களின் வேலை. தொழுநோயாளிக்கு அரசு எம்.சி.ஆர். செருப்பை இலவசமாகத் தருகிறது. உணர்ச்சி போன சர்க்கரை நோயாளிக்கும் அப்படியே தரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பத்து கிராம் அழுத்தத்துக்கு வளையும் ஒரு நைலான் இழை. அதை உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி உண்டா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய எந்திரம் தேவையில்லை. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022இல் திறந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. மன்றத்தில் இரத்ததான முகாம் நடத்துகிறோமே, கால் பார்க்கும் முகாம் ஒன்றும் நடத்தலாமே!

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம். செருப்பைப் போடுமுன் உதறி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். கழுவிய காலில் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும். நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்ட வேண்டும். புண், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடேறி வீங்குதல் கண்டால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இரவில் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்த்தாக வேண்டும். குனிய முடியாதவர் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். கண் மங்கியவருக்கு மனைவியோ மகளோ பார்த்துச் சொல்லட்டும். பெண்களுக்குச் சர்க்கரை இருந்தால் ஆண்பிள்ளை குனிந்து அவர்கள் காலைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். சுளித்துக்கொண்டே பார்க்கட்டும்.