சுபம் போட மறந்தவர்கள்

பழைய தமிழ்ப் படங்களில் கடைசியாகத் திரையில் "சுபம்" என்று ஒரு வார்த்தை வரும். சில படங்களில் "வணக்கம்". அதைப் பார்த்ததும் நாம் காலால் செருப்பைத் துழாவுவோம். கதை முடிந்தது, பத்திரமாக வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று கும்பிட்டு வழியனுப்புகிற மரியாதை அது. இப்போது படம் முடிந்தால் அடுத்த பாகத்துக்கு முன்னோட்டம் காட்டுகிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1996ல் 'இந்தியன்' வந்தபோது மாட்டுங்காவில் ஒரு தியேட்டரில் குடும்பத்தோடு பார்த்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது. லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்று கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமான சொந்த மகனையே கிழவர் கொல்கிறார். அன்று செம்பூர் திரும்பும் வரை நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மகன் மட்டும், "அப்பா, நீங்களும் என்னைக் கொல்லுவீங்களா?" என்று கேட்டான். "லஞ்சம் வாங்காமல் இரு, பார்க்கலாம்" என்றேன்.

28 வருடம் கழித்து, 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. இந்த முறை மகன்தான் எனக்கு டிக்கெட் எடுத்தான். படம் மூன்று மணி நேரம். நீளம் என்று பலரும் முணுமுணுத்ததால் சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். ஆனால் குறை நீளத்தில் இல்லை. முதல் படத்தில் பெரியவர் தன் வீட்டையே பலி கொடுத்தார். இரண்டாவதில் மற்றவர்கள் வீட்டைப் பலி கொடுக்கச் சொல்கிறார். முன்னது கதை. பின்னது உபதேசம். முடிவில் மூன்றாம் பாகத்துக்கு முன்னோட்டம் வேறு! வெளியே வந்ததும் மகன் சொன்னான்: "அந்தத் தாத்தாவை அப்படியே விட்டிருக்கலாம்பா." எனக்கும் அதுதான் வருத்தம். 28 வருடம் நாங்கள் இருவரும் பத்திரமாக வைத்திருந்த ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது.

இது இன்று வந்த வியாதி அல்ல. 1979ல் 'கல்யாணராமன்' வந்தது. பல்லை நீட்டிக்கொண்டு வந்த அந்த அப்பாவியை ஊரே கொண்டாடியது. 1985ல் அவனை ஜப்பானுக்கு அனுப்பி 'ஜப்பானில் கல்யாணராமன்' எடுத்தார்கள். கண்காட்சியெல்லாம் சுற்றிப் பார்த்தோம், கல்யாணராமனைத்தான் காணோம். 2003ல் வந்த 'சாமி'க்கு 2018ல் 'சாமி ஸ்கொயர்', 2005ல் வந்த 'சண்டக்கோழி'க்கு அதே 2018ல் இரண்டாம் பாகம். காரணம் புரிகிறது. தெரிந்த பெயர் என்றால் பாதி விளம்பரம் மிச்சம். ஆனால் பெயரைப் பார்த்து வருகிறவன் பழைய சாப்பாட்டின் ருசியை நாக்கில் வைத்துக்கொண்டு வருகிறான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீளமே பாவம் என்று நான் சொல்லவில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ல் தொடங்கி மூன்றரை வருடம் வாரா வாரம் வந்தது. ஐந்து பாகம். முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி முடிவுரையில் பதில் சொன்னாரே தவிர ஆறாவது பாகம் எழுதவில்லை. தூர்தர்ஷன் 'ராமாயண'மும் 52 வாரம் என்று தொடங்கி 78 வாரம் வளர்ந்தது. யாராவது கோபித்துக்கொண்டோமா? பட்டாபிஷேகம் எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். போகிற ஊர் தெரிந்த ரயில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளலாம்.

தினசரித் தொடரில் அந்த ஊர்தான் இல்லை. அங்கே கணக்கு வேறு. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை வைத்து விளம்பரம். விளம்பரத்தை வைத்துப் பணம். பார்க்கிறவர்கள் இருக்கும்வரை முடிப்பது நஷ்டம். ஆகவே தாலி கட்டும் நேரத்தில் "நிறுத்துங்கள்" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்ப்பதிலேயே ஒரு வாரம். நடிகர் விலகிப் போனால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நேற்றைய புருஷனை மாற்றிவிடுகிறார்கள். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. 2008ல் தொடங்கிய இந்தித் தொடர் 'தாரக் மேத்தா' 4,000 பகுதிகளைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் நான் கிண்டல் செய்துகொண்டிருந்தவன்தான். என் வாயை அடைத்தது அம்மா.

அப்பா காலமான பிறகு, 2003ல், அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து செம்பூருக்கு அழைத்து வந்தேன். இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் பேச ஆளில்லை. ராத்திரி வரும் ஒரு தமிழ்த் தொடர்தான் அம்மா தினமும் போய்வந்த தெரு. அதன் பெயர் வேண்டாம். அண்ணனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை. மறுநாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டே அந்தப் பெண்ணுக்காக அம்மா கவலைப்படுவாள். நான்காவது வருடம் அம்மாவே சொன்னாள்: "இது முடியுறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன் போலிருக்கு." சிரித்தோம்.

2008ல் மூச்சுத்திணறல் வந்து 11 நாள் மருத்துவமனையில் இருந்தாள். அந்த அறையில் டிவி கிடையாது. "இன்னைக்கு என்னல ஆச்சு?" என்று தினமும் கேட்பாள். அவளுக்காக நான் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் அண்ணன் வாசலில் நின்றான். இரண்டாம் நாளும் நின்றான். மூன்றாம் நாளும் அதே வாசல். இதை எப்படிப் போய்ச் சொல்வது? நானே முடித்துவிட்டேன். "அண்ணன் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டான்மா. சாவியைக் கையில குடுத்து, இது உன் வீடுன்னு சொல்லிட்டான்" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "பொய் சொல்லாதல. அவன் இவ்வளவு சீக்கிரத்துல முடிக்கமாட்டான்" என்றாள். அப்புறம், "ஆனா நீ சொன்னது நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன்.

அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள். தொடர் மேலும் எட்டு மாதம் ஓடியது. கடைசி நாள் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் இழுத்ததை ஒரே வாரத்தில் அவசர அவசரமாகச் சுருட்டியிருந்தார்கள். கெட்டவர்கள் எல்லாரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நடிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் அதில் பிழைப்பு இருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் தொடரைத் தவறாமல் பார்க்கிறவர்களில் பலர் வயதானவர்கள். நாளை என்று அவர்களிடம் வாக்குக் கொடுப்பவர்கள் அவர்களுக்கு எத்தனை நாளை இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

நம் சங்க நாடகக் குழுவினரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரியவர்கள் விதித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: டோம்பிவிலி போகிறவர்கள் லோக்கலைப் பிடிக்க வேண்டும், ஒன்பதரைக்குத் திரை விழுந்தாக வேண்டும். வசனத்தை எவ்வளவோ வெட்டி எறிந்திருக்கிறோம்; அப்போது மனசு வலித்தது. நாடகம் நன்றாக இருந்தது என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே ஓடுவார்கள். இந்த வருட விழாவுக்கு நாடகம் எழுதும் இளைஞர்களே, அந்தச் சட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.