கரைவெட்டியில் 30 விநாடி ஷட்டர்: பறவைகள் எங்கே போகும்?

அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கு கேமராவோடு போகிற எல்லோரும் தேடுவது பறவையைத்தான். 2024-ல் ராம்சர் அந்தஸ்து பெற்ற சரணாலயம். குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள்கூட வரும். அங்கே ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஷட்டரை 30 விநாடி திறந்து விட்டால்? பறக்கிற பறவை எதுவும் படத்தில் தெரியாது. அலை மழுங்கி, தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். அசையாத மரம் மட்டும் மிஞ்சும்.

இதுதான் மினிமலிஸ்ட் லாங் எக்ஸ்போஷர். டெக்னிக் சிம்பிள்தான். 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் மாட்டினால் வெளிச்சம் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகும். 1/30 விநாடியில் எடுக்கிற படத்துக்கு 34 விநாடி ஆகும். ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். சிக்கலே அதுதான்: எல்லோர் படத்திலும் அதே பால் தண்ணீர், அதே ஒற்றை மரம்.

அப்போ தனக்கென ஒரு பார்வை எப்படி வரும்? ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ தியேட்டரில் படம் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்தே வைத்தார். திரையில் மிஞ்சியது வெறும் வெள்ளை வெளிச்சம். பிரிட்டிஷ் கலைஞர் மைக்கேல் கென்னாவோ, ஜப்பானின் குஷாரோ ஏரிக்கரையில் நின்ற ஒரு மரத்தைத் தேடி வருஷக்கணக்கில் போய்வந்தார். 2009-ல் அதை வெட்டிவிட்டார்கள்.

பறவைகள் சரணாலயத்தில் பறவையை மறைத்துவிட்டு எதைக் காட்டப் போகிறோம்? இங்கே தண்ணீரையே காட்டலாம். டிசம்பரில் நிரம்பிய ஏரி, கோடையில் தண்ணீர் இறங்கிய தரை, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில். வாத்துக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம். கரையிலேயே ட்ரைபாடைப் போட்டால் போதும்.