பிறந்த ஆண்டும் பெற்ற திறனும்

தொழில்நுட்பத்தைக் கையாளும் திறன் இளையோர்க்கு இயல்பாக வாய்ப்பது. மூத்தோர்க்கு எளிதில் கைகூடாதது. இவ்வெண்ணம் கல்வி உலகில் நெடுநாளாக நிலவுகிறது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி, கணினிச் சூழலிலேயே வளர்ந்த மாணவர்களை எண்ணிம உலகின் மண்ணின் மைந்தர்கள் எனவும், பின்னாளில் அதனைக் கற்ற ஆசிரியர்களைக் குடியேறியவர்கள் எனவும் வகைப்படுத்தினார். புதிய நாட்டில் குடியேறியவரின் பேச்சில் தாய்மொழியின் சாயல் எஞ்சியிருக்கும். அதுபோலவே, மின்னஞ்சலை அச்சிட்டுப் படிக்கும் பழக்கம் மூத்தோரிடம் எஞ்சியுள்ளது என்றார் அவர்.

பழக்கமும் பயிற்சியும்

அன்றாட நிகழ்வுகள் இப்பகுப்பை முழுமையாக உறுதிசெய்வதில்லை. திறன்பேசியில் காணொலியைத் தொகுத்து நொடியில் பகிரும் மாணவர், கணினியில் தாம் சேமித்த கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளது என்றறியாது திகைப்பதுண்டு. தேடினால் கிடைத்துவிடும் சூழலில் வளர்ந்தவர்க்குக் கோப்புகளை வகைப்படுத்தி வைக்கும் தேவை எழவில்லை. தட்டச்சு பயின்ற பேராசிரியரோ நீண்ட கட்டுரையையும் விரைந்து உள்ளிடுவார். இணையவழி வகுப்பில் திரையைப் பகிரத் தயங்குவார். எதனைத் தொடர்ந்து பயன்படுத்துகிறோமோ அதிலேயே திறன் வளர்கிறது.

இருவரும் இடறிய இடம்

கருவியை இயக்குவது ஒரு திறன். அது காட்டும் செய்தியை மதிப்பிடுவது மற்றொரு திறன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. இளநிலை மாணவர் 25 பேர், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் 10 பேர், செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்போர் 10 பேர் அதில் பங்கேற்றனர். குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமைப்புகளின் இணையத்தளங்களும் அவர்களுக்குக் காட்டப்பட்டன. ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்டது. மற்றொன்று ஏறத்தாழ அதே பெயரில் இயங்கும் சிறுகுழு.

மாணவரும் அறிஞரும் பெரும்பாலும் அத்தளங்களுக்குள்ளேயே நின்று, இலச்சினை, முகவரி, பக்க அமைப்பு ஆகியவற்றால் ஏமாந்தனர். சரிபார்ப்போரோ உடனே தளத்தைவிட்டு வெளியேறி, அதனை நடத்துவோர் யார், பிறர் அதுபற்றிக் கூறுவது யாது எனத் தேடினர். குறைந்த நேரத்தில் சரியான முடிவை எட்டினர். இம்முறை ‘பக்கவாட்டு வாசிப்பு’ எனப்படும்.

கற்க வேண்டுவது

குழந்தையின் நோய்க்கு இணையத்தில் விளக்கம் தேடும் பெற்றோர்க்கு இத்திறன் உயிர்காக்கும் தேவையாகும். இளமை இதனைத் தாராது, பட்டமும் தாராது. கருவியின் நுட்பத்தை மாணவரிடமிருந்து ஆசிரியரும், துறையறிவை ஆசிரியரிடமிருந்து மாணவரும் பெறலாம். மெய்ம்மை அறியும் முறையை மட்டும் இருவரும் ஒருங்கே பயிலுதல் வேண்டும்.