துளசி மாடத்துக்கு ஒரு பிடி மண்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மேலும் சற்றுத் தூரம் சென்றால் சேர்வராயன் மலையின் உச்சி வரும். 5,326 அடி உயரத்தில், தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் சேர்வராயரும் காவிரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். குகை நெடுந்தொலைவு சென்று காவிரியையே தொடுகிறது என்பது இம்மலை மக்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலைவாழ் மக்கள் திரளாக வந்து கூடுவார்கள்.

தரிசனம் முடித்து இறங்கும் அன்பர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. காப்பிப்பொடி, மிளகு, இரண்டு பூச்செடிகள். அவற்றோடு சிலர், காரை ஓரமாக நிறுத்தி, சில்வர் ஓக் மரங்களின் அடியிலிருந்து கறுத்த இலைமக்கு மண்ணையும் ஒரு சாக்கில் அள்ளிக் கொள்வார்கள். அவ்வாறு அள்ளியவர்களுள் நானும் ஒருவன்.

தாயார் வளர்த்த துளசியின் விதையிலிருந்து முளைத்த கன்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சொந்த வீட்டை விட்டு மூன்றாம் மாடிக் குடியிருப்புக்கு வந்தபோது மாடத்தைக் கொண்டுவர முடியவில்லை. கன்று மட்டும் தொட்டியில் வந்தது. அதற்கு நல்ல மண்ணாக இடவேண்டும் என்ற ஆசையில் மலை மண்ணை நிரப்பினேன். நாற்பது நாள் தழைத்தது. பிறகு நண்பகல் வெயிலில் வாடுவதும் மாலையில் நிமிர்வதுமாக இருந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நிமிராமலே போயிற்று. பிடுங்கிப் பார்த்தபோது வேரெங்கும் சிறு மணிகளைக் கோத்தாற்போல் முடிச்சுகள். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. கண்ணுக்குப் புலப்படாத அந்தப் புழு, மணக்கும் மண்ணோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

பார்வைக்குக் கறுப்பாக, கைக்குப் பொலபொலவென்று இருப்பதெல்லாம் சுத்தமான மண் ஆகிவிடாது என்பது காப்பித் தோட்டக்காரர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த செய்தி. 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி நாற்றுப் பைகளை நிரப்புவதற்கு மரபாகச் சொல்லப்படும் கலவை, சலித்த காட்டு மேல்மண் ஆறு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. இவ்வளவு கவனமாகக் கலந்தும், ஈரம் மிகுந்தால் ரைசோக்டோனியா என்னும் பூஞ்சை நாற்றின் கழுத்தை அழுகச் செய்துவிடும். தோட்டக்காரர் பந்தலைத் திருத்துவார், நீரைக் குறைப்பார், நோயுற்ற நாற்றைப் பிடுங்கி எரிப்பார். நம் மாடியில் இருப்பதோ ஒரே ஒரு கன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரிவான மலையில் மேல்மண் மெல்லிய போர்வைதான்; ஒரு விரற்கடை இலைமக்கு சேர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதன் கீழே இருப்பது மழையால் சத்துக் கரைந்துபோன, புளிப்புத்தன்மை மிகுந்த செம்பாறை மண். போர்வையை உருவிவிட்டால் அடுத்த மழை மிச்சத்தையும் கொண்டுபோய்விடும். காப்புக்காட்டிலிருந்து மண் எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

நம் ஆலயங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். பிரம்மோற்சவத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் முன்பு ‘மிருத்சங்கிரஹணம்’ என்று ஒரு சடங்கு உண்டு. தூய்மையான ஓரிடத்தில் பூமாதேவியைப் பூஜித்து, அவள் அனுமதி பெற்று, மண்ணைச் சிறிதளவு எடுத்து மேளதாளத்துடன் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். பாலிகைகளில் அந்த மண்ணோடு மணலும், உலர்ந்த பசுஞ்சாணத் தூளும் இட்டு, பாலில் நனைத்த நவதானியங்களை விதைப்பது அங்குரார்ப்பணம். ஓஷதிகளுக்கு அதிபதி சந்திரன் என்பதால் இது இரவில் நடைபெறும். முளை எவ்வாறு வருகிறது என்பதைக் கொண்டு விழாவின் நலன் கணிக்கப்படும். மண், மணல், சாணத் தூள் மூன்றையும் உற்றுப் பாருங்கள்: பிடிமானத்துக்கு மண், நீர் வடிவதற்கு மணல், உணவுக்குச் சாணம். காப்பி நாற்றுப் பைக்குள் இருப்பதும் இந்த மூன்றுதான். கிராமத்து அம்மன் கோயில் முளைப்பாரியிலும் ஏறக்குறைய இதே முறைதான். எடுப்பது சிறிதளவு, எஞ்சியதைச் சேர்த்து ஆக்கிக் கொள்வது என்பதே வழக்கம்.

கடல் கடந்த ஒரு செய்தியும் இங்கே உதவும். 1930-களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் லாரன்ஸ், நியூவெல் என்னும் இருவர், தொட்டி நாற்றுகள் அடிக்கடி அழுகி மடிவதைப் பொறுக்காமல் ஆராயத் தொடங்கினார்கள். கலவை முழுவதையும் வேகவைக்கலாகாது, மண்ணை மட்டும் ஆவியில் வேகவைத்து, பிறகு மற்றவற்றைக் கலக்க வேண்டும் என்று கண்டார்கள். எருவோடு சேர்த்து வேகவைத்தால் வெளிப்படும் அம்மோனியா வேரைச் சுட்டுவிடும். நம் வீட்டு முறைக்கு இதுவே ஆதார விதி.

சித்திரை, வைகாசியில் சமவெளியில் இருப்பவர்களுக்கு வெயிலே போதும். செம்மண்ணைச் சலித்து, கண்ணில் படும் மண்புழுக்களை எடுத்துத் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். (உயிர்க்கொலை ஆகாதா என்று என் துணைவியார் கேட்டார்; இந்த முதல் வேலை அவருக்காகவே சேர்ந்தது.) பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் அளவுக்கு ஈரமாக்கி, மொட்டைமாடியில் ஒரு விரிப்பின்மீது நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக மூடி, ஓரங்களில் செங்கல் வைத்துவிடலாம். கறுப்புத் தாள் வேண்டாம். ஒளி உள்ளே புகுந்து வெப்பம் உள்ளேயே தங்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் ஆனால் நூற்புழு, பூஞ்சை, களைவிதை பெரும்பாலும் ஒழிந்துவிடும். இஸ்ரேல் நாட்டு அறிஞர் கட்டான் 1976-இல் உலகறியச் செய்த முறை இது. மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். உலர்ந்த மண்ணில் கிருமி உறங்கித் தப்பிக்கும்.

ஏற்காட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு இது பலிக்காது. அங்கே கோடையிலும் பனிமூட்டம் வந்து வெயிலை மறைத்துவிடும். அவர்களுக்கு ஆவிதான் வழி. மடி சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகப் போவதில்லை என்று தீர்மானித்த ஒரு பழைய இட்லிப் பானையை எடுத்து, அடியில் நீர் விட்டு, தட்டில் துணி விரித்து, ஈர மண்ணை நான்கு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்பி மூடி, வெட்டவெளியில் அடுப்பேற்றலாம். நடுவில் சிறிய உருளைக்கிழங்கு ஒன்றைப் புதைத்து வைப்பது பழைய தோட்டக்காரர்களின் தந்திரம். குச்சியால் குத்தினால் கிழங்கு வெந்திருக்க வேண்டும். அதற்குமேல் வேகவைக்க வேண்டாம். அதிகம் வெந்த செம்மண்ணில் மாங்கனீசு கரைந்து செடிக்கு நஞ்சாகும். கிழங்கை உண்ண வேண்டாம் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

வெந்த மண் மூடியிருந்தபடியே ஆறட்டும். அது இப்போது காலி வீடு; முதலில் நுழைபவருக்கே உரியது. ஆகவே நல்லவரை நாமே குடியேற்ற வேண்டும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் வேளாண் மருந்துக் கடைகளில் கிடைக்கும். அதை மக்கிய எருவில் பிசறி, ஈரம் குறையாமல் நிழலில் ஒரு வாரம் வைத்து, பிறகு மண்ணோடு கலக்கலாம். மூன்று பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு எரு, ஒரு பங்கு பருமணல், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு என்பது என் கணக்கு. ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க்கழிவு சேருங்கள். ஆனால் கழுவிய நீரின் செந்நிறம் மாறும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும், அதில் உப்பு இருக்கும். கலந்த மண்ணை இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து பிறகே நட வேண்டும். உலர்ந்த மண்ணைக் கிளறினால் எழும் தூசி வயதானவர்களின் நுரையீரலுக்கு ஆகாது. ஆதலால் தெளித்துக் கிளறுங்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் கொள்ளுங்கள். தொட்டியைத் தூக்காமல், வைக்கும் இடத்திலேயே குவளையால் நிரப்புங்கள்.

எருவுக்கு எங்கே போவது? பூஜையில் களைந்த நிர்மால்யமே இருக்கிறது. கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காக அதை ஆற்றிலும் குளத்திலும் விட்டு வந்தோம். நார், நூல், கற்பூரத் துணுக்கு, குங்குமம் ஆகியவற்றை நீக்கி, துளை இட்ட மண்பானையில் நிர்மால்யம் ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு என்று இட்டு, நீர்த்த புளித்த மோர் தெளித்து மூடினால் மூன்று மாதத்தில் மக்கிவிடும். பெருங்குவியல் போல் சிறு பானை சூடேறாது. ஆகவே அவசரப்படாமல், மழை பெய்த மண் வாசனை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நீர் அந்தக் கல்லுக்கு மேலேயே தங்கி வேரை நனைத்துக் கொண்டிருக்கும். துளையின்மேல் ஓர் ஓட்டுத் துண்டு போதும். துளசித் தொட்டியில் அபிஷேகப் பாலைக் கவிழ்க்கும் பழக்கத்தையும், அன்பர்கள் பொறுத்தருள வேண்டும், விட்டுவிடுவது நல்லது.

ஏற்காட்டில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை 1963-இல் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மரத்தைப் பற்றி வாழும் அந்த மலர்ச்செடிகளுக்கு மண்ணே ஆகாது. கரித்துண்டும் உடைந்த செங்கல்லும் போதும். துளசிக்கு அந்த வரம் இல்லை.

தாயாரின் துளசி விதையில் ஒரு சிட்டிகை, தாளில் மடித்து அலமாரியில் எஞ்சியிருந்தது. சென்ற ஆனி மாதம் புதிய மண்ணில் விதைத்தேன். பதினோராம் நாள் முளைத்தவை நான்கு. இரண்டை மட்டும் வைத்துக் கொண்டு, மற்ற இரண்டை, தொட்டியும் மண்ணும் சேர்த்து, எதிர்வீட்டு மூதாட்டிக்குக் கொடுத்திருக்கிறேன்.