அளவறிந்து உண்ணும் மருந்து

1941ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையில் காவலர் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். முகத்தில் தோன்றிய பாக்டீரியாத் தொற்று பரவி, ஒரு கண்ணையும் பறித்திருந்தது. பெனிசிலின் செலுத்தப்பட்ட சில நாள்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு உண்ணவும் தொடங்கினார். ஆனால், மருந்து தீர்ந்துபோயிற்று. அவரது சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. தொற்று மீண்டும் பெருகியது. மார்ச்சுத் திங்களில் அவர் உயிர் பிரிந்தது. மருந்தின் ஆற்றலையும் அதன் அளவு குறைந்தால் நேரும் இழப்பையும் அந்நிகழ்வு ஒருங்கே உணர்த்தியது.

மருந்து செயற்படும் முறை

1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்தார். புளோரி, செயின் ஆகியோர் அதனை மருந்தாக்கினர். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைப் பெனிசிலின் தடுக்கிறது. சுவர் நலிந்த பாக்டீரியா வெடித்து அழிகிறது. மனித செல்லுக்குச் செல்சுவர் இல்லை. ஆதலால் அதற்கு அத்தாக்குதல் நேர்வதில்லை. வைரசுக்கும் செல்சுவர் இல்லை. எனவே, வைரசால் வரும் சளிக்கு இம்மருந்து பயன் தராது.

நோய்க்கேற்ற மருந்து

1884இல் கிராம் என்னும் அறிஞர் கண்டறிந்த சாயமேற்றும் முறை, பாக்டீரியாக்களை இருவகையாகப் பிரித்தறிய உதவுகிறது. தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கிராம் நேர் வகை. அது பெனிசிலினுக்குக் கட்டுப்படும். டைபாய்டு பாக்டீரியா கிராம் எதிர் வகை. அதன் புறச்சவ்வு பெனிசிலினைத் தடுத்துவிடும். இருவகையையும் தாக்கும் பரந்த செயல்திறன் கொண்ட மருந்துகளும் உண்டு. ஆயினும், அவை குடலில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழிக்கின்றன. ஆதலால், தேவைப்படும்போது குருதி, சிறுநீர் முதலியவற்றில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துச் சோதித்து, உரிய மருந்தை மருத்துவர் தேர்கிறார்.

எதிர்ப்பாற்றல் என்னும் இடர்

மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்கள் பெருகி, அவ்வெதிர்ப்பாற்றலைத் தம் வழித்தோன்றல்களுக்கும் அளிக்கின்றன. குறைந்த அளவில் பெனிசிலின் உட்கொள்வது இவ்விடருக்கு வழிவகுக்கும் என 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார்.

நம் நாட்டில் மருந்து அட்டையின்மீது காணப்படும் சிவப்புக்கோடு, மருத்துவரின் பரிந்துரையின்றி அதனை உண்ணலாகாது என்பதைக் குறிக்கும். பிறருக்குத் தந்த மருந்தை உண்பதும், காய்ச்சல் தணிந்ததும் தாமாகவே மருந்தை நிறுத்துவதும் தவறாகும். அன்று அக்காவலருக்குப் போதிய அளவு மருந்து கிடைக்கவில்லை. இன்று மருந்து கிடைத்தும் பயன்படாத நிலை வாராமல் காப்பது நம் கடமையாகும்.