சிறு மின்சுற்றும் சில ஐயங்களும்

கற்றோர் அற்பமெனத் தள்ளிவிடும் வினாக்களிலேயே ஒரு சாத்திரத்தின் வேர் மறைந்து கிடப்பதுண்டு. "இந்தச் சிறிய விளக்குக்கு ரெஸிஸ்டர் எதற்கு?" என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், அவனைப் பார்த்து நகைப்பது எளிது; அவன் மனம் அமைதியுறும்படி விடை கூறுவது அத்துணை எளிதன்று. பௌதிகப் பாடத்தில் தேறியவரென்று நம்மை எண்ணியிருந்த நாமே ஒருகால் இவ்வினாவின்முன் திகைத்து நின்றோம். அத்திகைப்பினின்றும் தெளிந்த வகையை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது இல்லம் வானகரத்தில், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்கு அண்மையில் உள்ளது. அப்பக்கத்தில் வாழ்வோருக்குத் தண்ணீரின் அருமையைப் பிறர் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோக, நகரமும் சுற்றூர்களும் தண்ணீர் லாரியின் வரவை நோக்கிக் குடங்களுடன் காத்து நின்றதை யாவரே மறப்பர்? அத்தகைய ஊரில், மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த மறந்தமையால் மாடித் தொட்டி நிரம்பி வழிந்து நீர் வீதியில் ஓடுவதைக் கண்டால் மனம் பொறுக்குமோ? நம் வீட்டிலேயே இப்பிழை பன்முறை நேர்ந்தது. ஆகவே, தொட்டி நிரம்பியதும் ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றை நாமே செய்து பார்ப்பதென்று நண்பர் இருவருடன் கூடித் தீர்மானித்தோம்.

சென்னை அண்ணா சாலையையொட்டிய ரிச்சி தெருவிற்குச் சென்று, 9 வோல்ட் பாட்டரி ஒன்று, சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் சில, சிறிய பஸ்ஸர் ஒன்று, பி.சி. 547 என்னும் இலக்கமுடைய டிரான்சிஸ்டர்கள் இரண்டு ஆகியவற்றை வாங்கி வந்தோம். வீடு சேர்ந்ததும் ஆவல் மேலிட, விளக்கு எரிகின்றதா என்று பார்க்கும்பொருட்டு அதனை நேரே பாட்டரியுடன் இணைத்தோம். கண்ணிமைக்கும் நேரம் பளிச்சென்று ஒளிர்ந்து, பின் அஃது என்றென்றைக்குமாக அணைந்துவிட்டது. நமது முதல் ஐயம் இவ்வாறு பிறந்தது.

பழைய இழைவிளக்கிற்கும் எல்.இ.டி.க்கும் உள்ள வேற்றுமையை முதற்கண் உணர்தல் வேண்டும். இழைவிளக்கின் இழை சூடேறச் சூடேற அதன் தடையும் உயர்வதால், அது தன்னுள் ஓடும் மின்சாரத்தை ஒருவாறு தானே அடக்கிக்கொள்கிறது. எல்.இ.டி.யின் இயல்பு வேறு. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 2 வோல்ட் அழுத்தம் கிடைக்கும்வரை அதில் மின்சாரம் ஓடுவது மிகச் சொற்பம். அவ்வெல்லையைக் கடந்தபின் அழுத்தம் சிறிது கூடினும் ஓட்டம் பன்மடங்காகப் பெருகும். தன்னைத் தான் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. எனவே, வேறொரு பொருள் ஓட்டத்திற்கு அளவு வகுக்க வேண்டும். அப்பொருளே ரெஸிஸ்டர்.

எவ்வளவு ஓம் உடைய ரெஸிஸ்டர் வேண்டும்? ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827-ஆம் ஆண்டில் தமது நூலில் வெளியிட்ட விதியே இதற்கு வழிகாட்டி. பாட்டரியின் 9 வோல்ட்டில் விளக்கு 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 7 வோல்ட்டும் ரெஸிஸ்டரின் பங்காகும். அவ்விளக்கு நன்கு ஒளிர 10 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றிலொரு பங்கு, போதும். 7-ஐ 0.01-ஆல் வகுக்க 700 ஓம் கிடைக்கும். ரெஸிஸ்டரை விளக்குக்கு முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்பது பலருக்கு எழும் கேள்வி. கிளையில்லாத ஒரே கால்வாயைத் தலைப்பிலே குறுக்கினாலும் கடையிலே குறுக்கினாலும், அதன்வழி ஓடும் நீரின் அளவு குறைவது ஒன்றேயன்றோ? மின்சுற்றும் அத்தகையதே, எவ்விடத்து வைப்பினும் பயன் ஒன்றே.

மறுவாரம் கடைக்குச் சென்று 700 ஓம் ரெஸிஸ்டர் கேட்டோம். கடைக்காரர் புன்னகை செய்து 680 ஓம் ஒன்றை எடுத்து நீட்டினார். கணக்கிற் பிழையோவென்று ஐயுற்றோம், பிழை கணக்கிலன்று. ரெஸிஸ்டர்கள் எல்லா எண்களிலும் செய்யப்படுவதில்லை. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்னும் பன்னிரண்டு எண்களும், அவற்றைப் பத்தாலும் நூறாலும் பெருக்கி வருவனவுமே பெரும்பாலும் விற்பனைக்கு வரும். இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகுதி. நூற்றுக்குப் பத்து ஏற்றத்தாழ்வை அனுமதித்துச் செய்தால், ஓர் எண்ணின் மேலெல்லையும் அடுத்த எண்ணின் கீழெல்லையும் ஏறத்தாழ வந்து கூடிவிடுகின்றன. பன்னிரண்டே எண்களில் எல்லாம் அடங்குகின்ற இவ்வொழுங்கு வியக்கத்தக்கதன்றோ? நாம் பெற்றதன்மேல் நீலம், சாம்பல், பழுப்பு, பொன் ஆகிய நான்கு பட்டைகள் இருந்தன. நீலம் 6; சாம்பல் 8; பழுப்பு அவற்றை அடுத்து ஒரு சுழி; பொன் நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தாழ்வு. 680 ஓமுடன் ஓட்டம் 10.3 மில்லி ஆம்பியர் ஆகும். விளக்கிற்கு அதனால் யாதொரு தீங்குமில்லை. ரெஸிஸ்டரில் வெப்பமாகும் சக்தி 0.07 வாட் அளவே. ஆதலின் சாதாரணக் கால் வாட் ரெஸிஸ்டர் அதனை எளிதிற் தாங்கும்.

இனி, தொட்டியின் செய்திக்கு வருவோம். இரண்டு கம்பிகளை வேண்டிய மட்டத்தில் தொங்கவிட்டால், நீர் ஏறி இரண்டையும் தொடும்போது சுற்று நிறைவுறும். பஸ்ஸர் ஒலிக்கும் என்று எண்ணினோம். நீர் தொட்டது, ஒலி எழவில்லை. காரணம் யாது? நிலத்தடி நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்துவது உண்மையே. ஆயினும் செம்புக் கம்பியைப்போல் அன்று. இரு கம்பிகளுக்கும் இடையே உள்ள நீரின் தடை 30,000 ஓம் எனக் கொள்வோமாயின், 9 வோல்ட்டால் அதன்வழிச் செல்லத்தக்கது 0.3 மில்லி ஆம்பியரே. பஸ்ஸருக்கோ பத்து மில்லி ஆம்பியர் அளவிலேனும் வேண்டும்.

இவ்விடத்திலேதான் டிரான்சிஸ்டரின் உதவி தேவைப்படுகிறது. அதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று கால்கள். பேஸ் வழியே நுழைந்து எமிட்டர் வழியே வெளியேறும் சிறு ஓட்டம், கலெக்டர் வழியே வரும் பெரிய ஓட்டத்திற்குக் கதவு திறக்கிறது. பி.சி. 547-இல் பெரிய ஓட்டம் சிறியதைவிட நூறு மடங்கேனும் இருக்கலாம். ஒரு சிறுவன் கைப்பிடியைத் திருகி மதகைத் திறக்கப் பெருவெள்ளம் பாய்வதுபோன்றது இது. வெள்ளத்தின் வலிமை சிறுவனுடையதன்று, ஏரியினுடையது. அவ்வாறே பெரிய ஓட்டத்தின் சக்தி பாட்டரியினுடையதேயன்றி டிரான்சிஸ்டர் தானே உண்டாக்கியதன்று. இவ்வுண்மையை உணராது, டிரான்சிஸ்டர் மின்சாரத்தைப் பெருக்கித் தருகின்றதென மயங்குவோர் பலர்.

பஸ்ஸரைப் பாட்டரியின் நேர்முனைக்கும் கலெக்டருக்கும் இடையே இணைத்து, எமிட்டரை எதிர்முனையில் சேர்த்து, நீரிலுள்ள கம்பிகளுள் ஒன்றை நேர்முனையிலும் மற்றதைப் பேஸிலும் தொடுத்தோம். நீர் தொட்டதும் பஸ்ஸர் வீறிட்டது. நம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆயினும் அம்மகிழ்ச்சி ஒரு நாழிகையும் நிலைக்கவில்லை. கம்பிகளை ஒழுங்குபடுத்தும்போது அவை தவறி ஒன்றையொன்று தொட, டிரான்சிஸ்டர் செயலற்றுப்போயிற்று. எல்.இ.டி.யை அழித்த அதே பிழையை மற்றொரு வேடத்தில் மறுபடியும் செய்திருந்தோம்! பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இருப்பதும் ஒரு டையோடே, 0.7 வோல்ட் அளவைக் கடந்தால் அதுவும் தன்னைக் காத்துக்கொள்ளாது. பேஸ் கம்பியில் 10,000 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைச் சேர்த்திருப்போமாயின், கம்பிகள் தொட்டாலும் ஓட்டம் 0.83 மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. நீர் இடைநிற்கும்போதோ 8.3 வோல்ட்டை 40,000 ஓமால் வகுக்க 0.2 மில்லி ஆம்பியர் கிடைக்கும். நூறு மடங்கெனக் கொண்டால் 20 மில்லி ஆம்பியர். பஸ்ஸருக்கு அது தாராளம். இரண்டாம் டிரான்சிஸ்டரை அவ்வாறே அமைத்தோம். அஃது இன்றளவும் உழைத்து வருகின்றது.

ஓர் எச்சரிக்கையை இங்கு வற்புறுத்திக் கூறுதல் நம் கடமை. ஒலி எழுந்ததும் மோட்டாரும் தானே நின்றால் நலமன்றோ என்னும் ஆசை அடுத்து எழும். மோட்டார் ஓடுவது வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில். 9 வோல்ட்டில் செய்யும் பிழை ஒரு விளக்கைக் கொல்லும். 230 வோல்ட்டில் செய்யும் பிழை செய்தவனையே கொல்லக்கூடும். ஈரக் கையும் தண்ணீர்த் தொட்டியும் அருகிருக்கும் இடத்தில் அபாயம் இரட்டிப்பாகும். ஆதலின் அவ்வேலையைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடமே ஒப்புவித்து, பாட்டரி மட்டில் நம் சோதனையை நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

இத்தகைய சிறு முயற்சிகளால் என்ன பயன் விளையுமென்று சிலர் வினவலாம். நம் சென்னையின் வரலாறே விடை தரும். 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் கூடிச் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் சங்கத்தை நிறுவினர். ஜூலை 31-இல் ஒலிபரப்பும் தொடங்கினர். அவர்தம் முதற் கருவியின் வலிமை 40 வாட். நம் அறையில் எரியும் ஒரு பழைய இழைவிளக்கின் அளவே. டிரான்சிஸ்டர் தோன்றியது 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலாதலின், சிறு மின்குறியால் பெரிய ஓட்டத்தை ஆளும் தொழிலை அந்நாளில் கண்ணாடி வால்வுகளே செய்தன. பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. எனினும் அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்த, 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. ஓய்வு நேரத்து ஆர்வலர் இட்ட வித்து ஒரு மாநகரின் செவிக்கெல்லாம் விருந்தாயிற்று.

நண்பர்களே! பாகங்களின் பெயர்களை மனனம் செய்வதால் மட்டும் இக்கலை கைவராது. எந்தச் சுற்றை அமைப்பினும், "இக்கம்பியின் வழியே எவ்வளவு மின்சாரம் ஓடும்? அதற்கு அளவு வகுப்பது எது?" என்னும் இரு வினாக்களை முதலிற் கேளுங்கள். விடை தெரியும்வரை பாட்டரியை இணையாதிருங்கள். அவ்வினாக்களை உரிய காலத்தில் கேளாமையால் நாம் இழந்தவை ஒரு விளக்கும் ஒரு டிரான்சிஸ்டருமே. கேட்கக் கற்றபின் நம் தொட்டியினின்றும் ஒரு குடம் நீரும் வீதிக்கு ஓடவில்லை.