ஐப்பசியில் ஒரு புதுக்குடித்தனம்

திருவனந்தபுரத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. மாவும் பலாவும் தென்னையும் வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கும். அந்த ஊரில் இருந்துகொண்டுதான் நீல பத்மநாபன் ‘இலையுதிர் காலம்’ என்று ஒரு நாவல் எழுதி, 2007-இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். அது முதுமையைப் பேசும் நாவல். நான் சொல்ல வந்தது இப்போதுதான் கல்யாணமாகி வீடு பார்த்துக் குடிவந்தவர்களைப் பற்றி. குளிர்நாடுகளில் இலை பழுத்து விழும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இங்கே விழுவது மழை. மலையாளிகள் துலாவர்ஷம் என்பார்கள். நமக்கு ஐப்பசி மழை.

இந்த மழைக்கு ஒரு குணம் உண்டு. ஆனி, ஆடியில் வரும் மழையைப் போல விடிந்ததிலிருந்து பெய்துகொண்டிருக்காது. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மொட்டைமாடிக் கொடியில் துணியை உலர்த்திவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம் என்று தோன்றும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிழக்கே மலைப்பக்கம் கறுக்க ஆரம்பிக்கும். மாலையில் இடி, மின்னல், கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு ராத்திரி வானம் தெளிந்துவிடும். இந்தப் பருவத்தில் பிற்பகல் 2 மணிக்கும் இரவு 10 மணிக்கும் இடையில்தான் மின்னல் ஆபத்து அதிகம், மொட்டைமாடிக்குப் போகாதீர்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வருஷா வருஷம் அறிக்கை விடுகிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், கதவு பூட்டிக் கிடப்பதும் இருவரும் வழியில் மாட்டிக்கொள்வதும் இதே நேரத்தில்தான்.

கிழக்குக் கோட்டையிலிருந்து தென்மேற்கே, மணக்காட்டுக்கும் வள்ளக்கடவுக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீவராகம். லட்சுமி வராகர் கோயிலால் வந்த பெயர். கோயில் முன்னால் இருக்கும் குளம் கேரளத்தின் பெரிய கோயில் குளங்களில் ஒன்று. கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால், நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் பெண்ணுக்கு இங்கே மொழி ஒரு தடையே இல்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் பலசரக்கு முதல் பாத்திரம் வரை தமிழிலேயே விலை பேசலாம். அந்தக் கடைத்தெருவை வைத்தே ஆ. மாதவன் ஒரு வாழ்நாள் முழுக்கக் கதை எழுதினார். நம் ஊரில் கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வராகப் பெருமாளை வேண்டிக்கொள்ள மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் திருவிடந்தைக்குப் போவார்கள். கல்யாணம் முடிந்தபின் குடியிருக்க இன்னொரு வராகர் இடம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுமணத் தம்பதிகள் இங்கே வீடு தேடுவதற்குக் காரணம் பெருமாள் மட்டுமில்லை. பக்கத்திலேயே ஈஞ்சக்கலில் பைபாஸ். அதைப் பிடித்தால் கழக்கூட்டம் டெக்னோபார்க். 1990-இல் தொடங்கிய அந்த வளாகம்தான் தென் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகளில் பலரை இந்த ஊருக்குக் கூட்டிவந்தது. இன்னொரு பக்கம் சென்ட்ரல் ரயில் நிலையம். 1979-இல் நாகர்கோவில் வழி ரயில் வந்தபிறகு, ஒருவர் கழக்கூட்டத்தில் வேலை, இன்னொருவர் குமரி மாவட்டத்தில் ஆசிரியை என்றாலும் நடுவில் ஒரு குடும்பம் நடத்தலாம் என்றாகிவிட்டது. நடத்தலாம்தான். ஆனால் எப்போது?

அப்படிப்பட்ட வீட்டின் ஒரு ஐப்பசி நாளைப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு மில்மா பால் பாக்கெட். முதலில் எழுந்திருப்பவர் பாலைக் காய்ச்ச வேண்டும். யார் முதலில் என்பதில்தான் குடித்தனத்தின் முதல் தகராறு பிறக்கிறது. எட்டு மணிக்குள் இரண்டு டிபன் பாக்ஸ். ஆறரைக்கே ரயிலுக்குப் போகிறவருக்கு அதுவும் கிடையாது. சமையல் கழிவைத் தெருமுனையில் கொட்ட முடியாது. விளப்பில்சாலை குப்பைக் கிடங்கு 2011 இறுதியில் மூடப்பட்டதிலிருந்து இந்த நகரத்தில் மட்குவது அவரவர் வீட்டிலேயே மட்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, மாதம் ஒருமுறை வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கொடுக்க வேண்டும். ஐப்பசியில் பால் கவரைக் காயவைப்பது தனிக் கலை. ஜன்னல் கம்பியில் துணி கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும் கவர்களைப் பார்த்தாலே, இது இருவர் மட்டும் இருக்கும் வீடு என்று தெரிந்துவிடும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதெல்லாம் பின்கட்டில் நடந்துவிடும்.

மூன்று மணிக்கு வானம் கறுத்ததும் செல்போனில் ஒரே வரி: “துணி எடுக்கலையே!” பதில்: “நீ எடுக்கலையா?” இருவருமே எடுக்கவில்லை. கீழ்வீட்டு அம்மா நல்லவராக இருந்தால் மாடி ஏறிப் போய்ச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார். இரவு படியேறும்போது, “மோளே, துணி இவிடே உண்டு” என்று குரல் வரும். அந்தக் குரல் பெண்ணைத்தான் கூப்பிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். மோனே என்று கூப்பிட்டுத் துணியைக் கொடுக்கும் வழக்கம் ஸ்ரீவராகத்தில் இல்லை. எனக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

இதற்குக் கணக்கு உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். 2024 ஆய்வில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம். அது ஆண் பகிர்ந்துகொண்டதால் வந்ததில்லை. அவருக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்சியும் வாஷிங் மெஷினும் ஆன்லைன் சாப்பாடும் இருவர் கணக்கையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பது என் ஊகம். இந்த ஆய்வில் அகப்படாத ஒன்றும் உண்டு: நினைவு வைத்திருக்கும் வேலை. கியாஸ் எப்போது தீரும், சேனைக்காரர்கள் என்றைக்கு வருவார்கள், மாமியாரின் ஷஷ்டி விரதம் எந்தத் தேதி என்பதையெல்லாம் மண்டையில் வைத்திருப்பதற்கு நிமிடக் கணக்கு கிடையாது.

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படம் 2021 ஜனவரியில் வந்தபோது கேரளமே இரண்டுபட்டுப் பேசியது. புதுமணத் தம்பதியின் வீடு. கணவன் பள்ளி ஆசிரியர். அடிக்கிறவனும் குடிக்கிறவனும் இல்லை. தமிழில் 2023-இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து வந்தது. அந்தப் படத்தின் சமையலறையில் மாமனாரின் அதிகாரம் இருந்தது. ஸ்ரீவராகத்து மாடிவீட்டில் மாமனார் கிடையாது, விறகடுப்பு கிடையாது, தோசைமாவு பாக்கெட்டில் வருகிறது. அப்படியிருந்தும் வேலைப் பங்கீடு அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். கட்டாயப்படுத்த ஆள் இல்லாத வீட்டிலும் பழக்கம் தானாகவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

சரி, பண்டிகைக்கு வருவோம். நம் மரபு ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பிரித்துவைக்கும். ஐப்பசியில் தலைதீபாவளி என்று இருவரையும் சேர்த்து உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடும். பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் மாதம் குறித்து வைத்திருந்தார்கள். விவசாய வேலைக்கு அது பொருந்தியது. திருவனந்தபுரத்தில் இருக்கும் தம்பதிக்கோ தீபாவளிக்கு ஒரே நாள்தான் அரசு விடுமுறை. கேரளத்தின் பெரிய பண்டிகை ஓணம். அதற்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்குக் கணக்குப் பார்த்துக் கிள்ளிக் கொடுக்கும் அலுவலகங்களே அதிகம். நவராத்திரியில் புத்தகத்தைப் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி வரை தொடக் கூடாது என்ற நல்ல வழக்கம் இங்கே உண்டு. லேப்டாப்பையும் சேர்த்து வைக்க எந்த மேனேஜரும் விட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஊரில் சாமிகளுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பார்த்தால் மனிதர்கள் பொறாமைப்பட வேண்டும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை எல்லை தாண்டி ஊர்வலமாக இங்கே வந்து சேர்கிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்கிறது. அடுத்து ஐப்பசித் திருவிழா, மலையாளத்தில் அல்பசி. பத்மநாப சுவாமியின் ஆராட்டு ஊர்வலம் மேற்குக் கோட்டை வழியாக, ஸ்ரீவராகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், வள்ளக்கடவு தாண்டிச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போகும். நடுவே குறுக்கிடுவது விமான நிலைய ஓடுபாதை. 1932-இல் விமான நிலையம் வந்தது. ஊர்வலப் பாதை அதற்கும் முந்தியது. அதனால் வருஷத்தில் இரண்டு மாலை, பங்குனியிலும் ஐப்பசியிலும், சுமார் ஐந்து மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டு, திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் வாளேந்தி முன்னால் நடக்க, சாமி ஓடுபாதை வழியாகப் போகிறார். விமான நிலையத்தை அதானி குழுமம் 2021-இல் ஏற்றபிறகும் அதில் மாற்றமில்லை.

அந்த மாலையில் ஸ்ரீவராகம் தெருக்களில் வண்டி போக முடியாது. அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்ப, ஐப்பசியில் கேள்வி கேட்காமல் அனுமதி கிடைக்கும் ஒரே நாள் அது. இளம் தம்பதிகள் கையில் குடையோடு சாலையோரம் நிற்பதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். சாமி பார்க்க வந்தவர்கள்தான் என்றாலும், வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் ஒரே தெருவில் நிற்கக் கிடைத்த வேலைநாள் வேறு எது?

கணவன் ஓர் ஊரிலும் மனைவி ஓர் ஊரிலுமாகக் குடும்பம் நடப்பது நம் காலத்தின் கண்டுபிடிப்பு இல்லை. புதுமைப்பித்தன் மணந்தது திருவனந்தபுரத்துப் பெண்ணான கமலாவை. அவர் சென்னையில் பத்திரிகை வேலை, சினிமா வேலை என்று அலைய, கமலா நீண்ட காலம் இந்த ஊரில் பிறந்தவீட்டில் இருந்தார். இடைவெளியை நிரப்பியது கடிதம். அவை பின்னால் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்தன. படித்தால், தமிழ்ச் சிறுகதையின் சிங்கம் எப்போது சேர்ந்திருக்கப் போகிறோம் என்று ஏங்கும் சாதாரணக் கணவனாகத் தெரிவார். கடைசியில் ‘ராஜமுக்தி’ படவேலைக்குப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948-இல் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து மனைவியின் அருகில் இறந்தார். கமலாவும் கதை எழுதியவர். அவருடைய தொகுப்பு ‘காசுமாலை’. கணவர் பேசப்பட்ட அளவுக்கு அவர் பேசப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடிதங்களோடு ஒப்பிட்டால் இன்றைய ஜோடிக்கு வசதி அதிகம். நினைத்தபோது வீடியோவில் முகம் பார்க்கலாம். ஆனால் அவர்கள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளில் பாதி துணி, பால், கியாஸ், குடை. காதல் குறைந்ததால் அப்படியாகிவிடவில்லை. வீட்டு நிர்வாகத்துக்கென்று தனியாக நேரம் இல்லாததால் அது காதலின் நேரத்துக்குள் புகுந்துகொள்கிறது. திருவனந்தபுரத்து இளம் தம்பதிக்குப் பற்றாக்குறை பணம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வாடகையும் தவணையும் எப்படியோ கட்டிவிடுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதுதான் இவர்களால் வாங்க முடியாத பொருள்.

ஆகவே தலைதீபாவளிக்கு அழைக்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முன்பு 120 நாளுக்கு முன்னால் ரயிலில் இடம் பதிவு செய்யலாம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. ஐப்பசித் தீபாவளிக்கு ஆவணியில் கதவு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். யார் வீட்டில் தீபாவளி என்ற பஞ்சாயத்தை அதற்குள் முடித்துச் சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் லேகியத்தையும் பட்சணத்தையும் எடுத்துக்கொண்டு நீங்கள் ஸ்ரீவராகத்துக்கு ரயில் ஏறுங்கள். வந்த இடத்தில் மாப்பிள்ளை மாவு கரைத்துக்கொண்டிருந்தால், “நீங்க ஏன் மாப்பிள்ளை” என்று கரண்டியைப் பிடுங்காதீர்கள்.